சாகக்கூடாத துரை

செத்துப்போன மனுசனுக்குக் காலையில் படுக்கை விரித்து, தேநீர் வைத்து, செருப்பைக் கட்டிலடியில் ஒழுங்குபடுத்துகிற வேலையை நான் செய்திருக்கிறேன். யாரும் படுக்காத விரிப்பை எடுத்து உதறி மறுபடி விரிப்பேன். யாரும் தலை வைக்காத தலையணையைத் தட்டி வைப்பேன். மேசையில் வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டியதும் எடுத்துக்கொண்டுபோய் வாய்க்காலில் ஊற்றுவேன். அதைக் கொட்டலாம், நான் குடிக்கக்கூடாது. அது துரையின் பங்கு.

துரையின் பெயர் அமிர்தநாதன். மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற எங்கள் ஊத்துமலைத் தோட்டம் முழுக்க அவருடையது. எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டின இந்த வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த வம்சம்தான். அவருடைய ஐயா வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவராகி, நுவரெலியாவில் மரக்கறி வியாபாரம் பார்த்து, ஹோட்டல் கட்டினார். மகன் அந்தக் காசில் இந்தத் தோட்டத்தையே வாங்கினார். நம்ம ஆள் துரையாகிவிட்டார் என்று அன்றைக்கு நாங்கள் பட்டாசு கொளுத்தினோம்.

அவர் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் செத்துப்போனார். உடம்பைப் புதைக்கவில்லை. எரிக்கவும் இல்லை. இரத்தத்தை வடித்துவிட்டு ஏதோ மருந்தை ஏற்றி, ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிற இரும்பு உருளை ஒன்றுக்குள் தலைகீழாக இறக்கி வைத்திருக்கிறார்கள். புகை பறக்கிற குளிர் தண்ணீராம் அதற்குள். என்றைக்காவது மருத்துவம் வளர்ந்து அவரை எழுப்பிவிடும் என்று நம்பிக்கை. எழும்பி வந்தால் தோட்டம் வேண்டுமே, பங்களா வேண்டுமே. அதனால் சாகும் முன்னாலேயே சொத்து எல்லாவற்றையும் ஒரு டிரஸ்ட்டின் கையில் கொடுத்து, நான் திரும்பி வரும்வரை எதையும் விற்கக்கூடாது, கொடுக்கக்கூடாது, மாற்றக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார். உருளையில் குளிர் குறைந்தால் ஊற்றுவதற்கான செலவு தோட்டத்து வருமானத்திலிருந்து போகிறது. அதாவது நாங்கள் பறிக்கிற கொழுந்திலிருந்து. ஒரு பிணம் அழுகாமல் இருப்பதற்காக நாங்கள் மழையில் நனைந்தோம்.

எங்களுக்கு அவரால் ஆக வேண்டிய காரியம் ஒன்றுதான் இருந்தது. கீழ் லயத்தில் பன்னிரண்டு குடும்பம் இருந்தோம். லயத்துக்கு மேலே இருக்கிற மலை பிளந்துகொண்டு வந்தது. நாங்கள் இருந்த ஒற்றை அறையில், என் காம்பிராவில், பேரப்பிள்ளையின் தொட்டில் கட்டியிருந்த சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். நான் வயது போன காலத்தில் எழுத்துப் படித்தவள். கூட்டிக் கூட்டி வாசித்தேன். மண்சரிவு அபாயம் என்று இருந்தது. அதற்குப் பலகை வேண்டுமா, சுவரே சொல்கிறதே.

பங்களாவுக்குக் கீழே குதிரைத்திடல் என்று ஓர் இடம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை மேய்ந்த இடம். பாறைமேல் இருக்கிற சமதரை, சரியாது. துரை வெளிநாடு போவதற்கு முன்னால் ஒருநாள் பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற அந்த இடத்தில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"கீழ் லயத்து ஆளுங்க பன்னெண்டு குடும்பமும் குதிரைத்திடலுக்குப் போயி வீடு கட்டிக்கங்க. நான் சொல்றேன்ல. பேப்பர் எல்லாம் பொறகு பாத்துக்குவோம்."

மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவும் பக்கத்தில் நின்று கேட்டார். நாங்கள் கை தட்டினோம். அந்தக் கிழமையே துரை நோயில் விழுந்தார். பேப்பர் வரட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். அப்புறம் சாவுச் செய்திதான் வந்தது.

அந்த நேரம் மாரியம்மன் திருவிழா நெருங்கியிருந்தது. காப்புக் கட்டுகிறவர் அழகுமுத்து மாமா. அவரும் துரையும் பங்காளிகள். அண்ணன் தம்பி வழியில் ஒரு வீடு வேதத்துக்குப் போனது, ஒரு வீடு அம்மனோடு நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம். பங்காளி செத்தால் தீட்டு. தீட்டோடு காப்புக் கட்ட முடியாது.

"ஒடம்பு வராதாம் மாமா," என்றேன்.

"ஒடம்பு வராட்டி? ஆத்தோட போன மருதனுக்கு என்னா செஞ்சோம்? அவன் போட்ட துணிய வச்சுத்தானே பாடை எடுத்தோம்? நீ பங்களாவுல வேல பாக்குறவ. அமிர்தநாதன் போட்டது எதாச்சும் இருக்கா பாரு."

நான் துரையின் மழைக்கோட்டையும், மலைக்குப் போகும்போது போடுகிற நீள சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. செத்தவர் உடுப்பைச் சாவுக்குக் கொடுக்க யாரைக் கேட்பது? பாடை கட்டி, தப்பு அடித்து, கொண்டுபோய் மயானத்தில் புதைத்தோம். மாமா மொட்டை போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் கருமாதிக்கு, துரைக்குப் பிடித்த தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் படையலில் வைத்தோம். வேதக்காரருக்கு இப்படிச் செய்யலாமா என்று யாரோ கேட்டபோது மாமா, "அவனுக்கு அவுங்க சாமி செய்யிறத செய்யட்டும், எந் தீட்டுக்கு நான் செய்யிறேன்" என்று முடித்துவிட்டார். அந்த வருசம் தேர் நன்றாக ஓடியது.

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து டினேஷ் சார் வந்தார். டிரஸ்ட் அனுப்பிய மேனேஜர். பெரட்டுக்களத்தில் நின்று, "துரை சாகவில்லை" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார்.

"டாக்டர் பேப்பர்ல செத்ததாத்தான் எழுதியிருக்கும். அது ஒடம்ப குளிர்ல வைக்கிறதுக்கு வாங்குற பேப்பர். உண்மையில துரை ஓய்வுல இருக்கார்."

"ஓய்வுன்னா பென்சன் குடுப்பாங்களா சார்?" என்று என் மருமகள் சர்மிளா பின்னால் நின்று கேட்டாள். கைக்குழந்தைக்காரி, வாய் சும்மா இருக்காது.

டினேஷ் சாருக்கு முகம் சிவந்தது. "வெளையாட்டு இல்ல. மீன ஐஸ்ல வைக்கிறாங்கல்ல? கெடாம இருக்குல்ல? அப்படித்தான்."

"அப்ப ஐஸ் பொட்டிய தொறந்துவிட்டா நீந்துமா சார்?"

களமே சிரித்தது. சிரித்ததோடு சரி. மறுநாளிலிருந்து எனக்குப் படுக்கை விரிக்கிற வேலை. துரையின் படத்துக்கு மாலை போட்டிருந்தோம், அதைக் கழற்றச் சொன்னார்கள். குதிரைத்திடலைப் பற்றிக் கேட்டதற்கு, "துரை கையெழுத்துப் போட்டாத்தான் குடுக்கலாம். துரை எழும்பட்டும்" என்றார் டினேஷ் சார். சிரிக்காமல் சொன்னார்.

இடையில் என் புருசன் வீரய்யா செத்தார். நெஞ்சுவலி. மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. அவருக்குக் கருமாதி ஆவதற்குள் ஆபீசில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். கிளாக்கர் வாசலில் வந்து நின்று, "இந்தக் காம்பிராவுல இப்ப தோட்ட வேலைக்குப் போறது யாரு?" என்று கேட்டார். மகன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான்; நான் போகிறேன் என்றதால் விட்டுவிட்டுப் போனார். நான் வேலையில் இல்லாவிட்டால் கைக்குழந்தையையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். ஆயுசு முழுக்க இந்த மண்ணில் முதுகு உடைந்தவர் செத்தால், பாய் சூடு ஆறும் முன்னால் காம்பிரா போய்விடும். செத்து உருளையில் தொங்குகிறவருக்கு முந்நூறு ஏக்கரும் பங்களாவும் அப்படியே இருக்கும், தலையணையும் தட்டி வைக்கப்படும். தட்டுவது நான்தான். என் புருசனுக்கு வாய்க்கரிசி போட்ட கையாலேயே இதையும் செய்தேனே என்று என் கையைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காமல் போனது.

பிறகு துரையின் மகள் யூஜினா வந்தார். டிரஸ்ட்டை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார். அப்பா செத்துவிட்டார், செத்தவர் எந்தச் சொத்துக்கும் சொந்தக்காரராக இருக்க முடியாது, உரிமை எனக்கு வர வேண்டும் என்பது வழக்கு. பங்களாவுக்குள் அவரை விடவில்லை. எங்கள் லயத்து வாசலில்தான் உட்கார்ந்தார்.

"நீங்க அப்பாவுக்கு எல்லாம் செஞ்சீங்கன்னு கேள்விப்பட்டேன். அழகுமுத்து பெரியப்பா மொட்டை எல்லாம் போட்டாராம். எனக்கு அழுகையே வந்திருச்சு. இத கோர்ட்ல வந்து சொல்லுவீங்களா? அவருடைய ஆளுங்களே அவர் செத்தத ஏத்துக்கிட்டு அடக்கம் பண்ணியிருக்காங்கன்னு எங்க லோயர் சொல்லணும்."

"சொல்றோம் மகள்," என்றார் மாமா. "செஞ்சதத்தானே சொல்லப்போறோம்."

"தோட்டம் எங் கைக்கு வந்த அன்னைக்கே குதிரைத்திடல உங்க பேருக்கு எழுதித் தர்றேன். அப்பா சொன்ன வார்த்தை அது."

பேத்தியின் தொட்டிலைப் பார்த்தார். சுவர் வெடிப்பைப் பார்த்தார். உண்மையாகவே கண் கலங்கினார். நான் தேநீர் கொடுத்தேன், குடித்தார். நாங்கள் நம்பினோம்.

நாங்கள் சாட்சி சொல்லப்போகிறோம் என்று டினேஷ் சாருக்குத் தெரிந்ததும் பொலிசில் முறைப்பாடு வைத்தார். உயிரோடு இருக்கிற அமிர்தநாதன் துரையின் மழைக்கோட்டும் ஒரு சோடி சப்பாத்தும் பங்களாவிலிருந்து களவுபோய்விட்டன. எடுத்தது நாகலெட்சுமி என்கிற வேலைக்காரி, அதாவது நான். புதைத்தது அழகுமுத்துவும் கூட்டாளிகளும்.

சார்ஜன்ட் வந்தார். மண்வெட்டி எங்கள் ஆட்களே கொண்டுவந்தார்கள். எங்கள் மயானத்தில், நாங்கள் தப்பு அடித்துப் புதைத்த குழியை, நாங்களே தோண்டினோம். மாமா ஒரு மரத்தடியில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கோட்டு மக்கி, கறையான் தின்று, வேர் ஓடிக் கிடந்தது. சப்பாத்து மட்டும் நல்ல தோல். உள்ளே தண்ணீர் நின்று புழு நெளிந்தது. ஒரு சப்பாத்தைக் கவிழ்த்தபோது வந்த நாற்றத்தில் சார்ஜன்ட்டே மூக்கைப் பொத்திக்கொண்டு, "மே மொனவத அம்மே?" என்றார். இது என்னம்மா என்று. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், சாவு வீட்டுச் சாமான் மாத்தயா என்றேன். அவர் டினேஷ் சாரைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டையும் ஒரு உரச் சாக்கில் போடச் சொன்னார்.

"சாமான் கெடைச்சிருச்சு. வழக்குப் போடாம விட்டுர்றேன்," என்றார் டினேஷ் சார், என்னிடம் தனியாக. "கழுவி பாலிஷ் பண்ணி எடத்துல வச்சிரு. கோர்ட்டுல கேட்டா, சுத்தம் பண்ண எடுத்தேன்னு சொல்லு. சாவுச் சடங்கு எதுவும் நடக்கலைன்னு சொல்லு. துரை நீடூழி வாழணும்னு பூசை வச்சோம்னு சொல்லு. உனக்கு மட்டும் மேல் லயத்துல நல்ல காம்பிரா பாத்துத் தர்றேன்."

"புழுவையும் கழுவணுமா சார்? இல்ல, அதுவும் துரையோட சொத்தா?"

அன்றைக்கே என்னைப் பங்களாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனேன். முட்டிவலிக்காரிக்கு அந்த ஏற்றம் சாவுதான். இருந்தாலும் தலையணை தட்டுவதை விட இது மேல் என்று ஏறினேன்.

ஹட்டன் கோர்ட்டில் வழக்கு விசாரிக்கிற தவணை வந்தது. நானும் மாமாவும் முதல் பஸ் பிடித்துப் போனோம். மாமா வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்தார். எங்களைக் கூப்பிடவே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கத்து லோயர்களும் வராந்தாவில் நின்று பேசினார்கள், சிரித்தார்கள், மறுபடி பேசினார்கள். உள்ளே போய்விட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். யூஜினா எங்கள் பக்கம் வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சமாதானமாப் போயிட்டோம் பெரியப்பா. ஹோட்டலும் கொழும்பு வீடும் எனக்கு. தோட்டம் அப்படியே டிரஸ்ட்டுக்கு."

"அப்ப அவன் செத்தானா இல்லியா?" என்று மாமா கேட்டார்.

"அப்பா... அப்பா இன்னும் இருக்கார்னு ஒத்துக்கிட்டு எழுதியிருக்கு. ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாச்சு."

"நீயும் போட்டியா?"

"வழக்கு இழுத்துக்கிட்டே போகும் பெரியப்பா. உங்களுக்குப் புரியாது."

"திடல்?"

அவர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். கிடைக்கவில்லையோ, தேடவே இல்லையோ, மூடிவிட்டார். கார் வந்தது. மாமா தன் தலையைத் தடவிப் பார்த்தார். "மயிரக் குடுத்தவன் நான்," என்றார் என்னிடம். "இப்ப அதக் கொண்டாந்து ஒட்டச் சொல்லுவாய்ங்களோ?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற தகப்பனை ஹோட்டலுக்காக ஒருத்தி உயிரோடு வைத்துக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் கார்த்திகை மழையில் கீழ் லயத்தின் கடைசிக் காம்பிராச் சுவர் விழுந்தது. பகலில் விழுந்ததால் ஆட்கள் மலையில் இருந்தார்கள். சமையல் பாத்திரம் மட்டும் போனது. சர்மிளா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தொட்டில் சேலையை அவிழ்த்துத் தோளில் போட்டாள்.

"எங்கடி போற?"

"திடலுக்கு. துரைதான் போகச் சொன்னாருல்ல?"

"அவரு செத்துட்டாரேடி."

"யாரு சொன்னா? கோர்ட்டுல இருக்காருன்னு எழுதியிருக்காங்கல்ல மாமி. உசுரோட இருக்கிறவரு சொன்னது சொன்னதுதான். வேணாம்னா அவரே வந்து வேணாம்னு சொல்லட்டும், எறங்கிக்கிறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மற்றவர்களும் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். இருட்டுவதற்குள் பன்னிரண்டு குடும்பமும் குதிரைத்திடலில் கம்பு நட்டுத் தகரமும் ரப்பர் சீட்டும் போட்டுவிட்டோம். பங்களாவின் ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் அடுப்புப் புகை தெரியும். டினேஷ் சார் ஓடிவந்தார். இது துரையின் காணி என்று கத்தினார். "ஆமா சார், துரையோடதுதான், துரையக் கூப்புடுங்க," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் பொலிசைக் கூப்பிட்டார். பழைய சார்ஜன்ட்தான் வந்தார். சொந்தக்காரர் எங்கே என்று கேட்டார். டினேஷ் சார் வானத்தையும் பார்க்கவில்லை, பூமியையும் பார்க்கவில்லை. இது கோர்ட்டில் தீர்க்க வேண்டிய காரியம் என்று சொல்லிவிட்டு சார்ஜன்ட் ஜீப்பில் ஏறினார்.

டிரஸ்ட் எங்களைத் திடலைவிட்டு எழுப்ப வழக்குப் போட்டது. எங்களுக்கு சுதர்ஷினி என்கிற லோயர்ப் பிள்ளை வந்தது. இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, காசு வாங்காமல் பேசுகிறது. சர்மிளா சொன்னதைக் கேட்டதும் அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"அது சட்டத்துல நிக்கும் அக்கா. இருந்துக்கங்கன்னு வாயால குடுத்த அனுமதி, குடுத்தவர் செத்தா அவரோட போயிரும். சாகாட்டி அப்படியே இருக்கும். அவர் சாகலைன்னு அவுங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இனி செத்துட்டார்னு சொன்னா டிரஸ்ட்டே போயிரும். மாட்டிக்கிட்டாங்க."

எங்கள் ஆட்களுக்கு ஒரே சந்தோசம். லோயர்ப் பிள்ளை கையை உயர்த்திக் காட்டியது.

"ஆனா ஒண்ணு. நீங்களும் மாட்டிக்கிட்டீங்க. கோர்ட்டுல ஒங்ககிட்ட கேப்பாங்க, துரை உயிரோட இருக்காரான்னு. இல்லன்னு நீங்க சொன்னா, அனுமதியும் அங்கேயே செத்துரும்."

மாமாதான் முதலில் எழுந்தார்.

"நான் கொள்ளி வச்ச மாதிரி மொட்ட போட்டவன். எவ் வாயில அது வராது. வேற யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க."

உடுப்பு எடுத்துக் கொடுத்தவள் நான்தான் என்று பொலிஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறி நின்றேன். டிரஸ்ட்டின் லோயர் எதைக் கேட்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிக் கேட்டார். புதைத்ததைக் கேட்டால் துரை செத்ததாக ஆகிவிடும், அதனால் அதைத் தொடவே இல்லை. கடைசியில் நீதவான் ஐயாவே தமிழில் மொழிபெயர்க்கிறவர் மூலமாகக் கேட்டார்.

"அமிர்தநாதன் என்பவர் உயிரோடு இருக்கிறார் என்றா சொல்கிறீர்கள்?"

சப்பாத்திலிருந்து கொட்டிய தண்ணீர் ஞாபகம் வந்தது. வீரய்யாவின் பேரை வெட்டிய கோடு ஞாபகம் வந்தது. வெளியே பெஞ்சில் சர்மிளா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதன் சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றேன். "உசுரோடதான் இருக்காருங்க."

டிரஸ்ட்டின் லோயர் தலையாட்டினார். எங்கள் லோயர்ப் பிள்ளையும் தலையாட்டியது. டினேஷ் சார் தலையாட்டினார். ஒரு பிணத்தைச் சுற்றி நின்று இத்தனை பேர் ஒரே பொய்யை ஒத்துக்கொண்டோம், அதில் நானும் ஒருத்தி. ஐயா எழுதிக்கொண்டு, அடுத்த தவணை வரைக்கும் யாரும் யாரையும் எழுப்பக்கூடாது என்று சொன்னார்.

வெளியே வந்து பைப்படியில் வாய் கொப்பளித்தேன். மூன்று தரம், நாலு தரம். வரிசையில் நின்ற ஆள் என்னம்மா ஆச்சு, பஸ் ஒத்துக்கலையா என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

மாமா கோர்ட்டுக்குள் வரவில்லை, ஆனாலும் பஸ் நிறுத்தத்தில் எங்களுக்காக நின்றார். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. சர்மிளாவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். திடலில் அவருடைய கொட்டகையும் இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் நான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியும்.

"இந்த வருசம் காப்பு?" என்று கேட்டேன்.

"தெரியல," என்றார். "உசுரோட இருக்கிறவனுக்குக் கருமாதி பண்ணுன கையி."

பஸ் வந்தது. ஏறினோம். அடுத்த தவணைக்கும் நான்தான் போக வேண்டும், இதையேதான் சொல்ல வேண்டும். வீடு கட்டி முடியும்வரை துரை சாகக்கூடாது.